உங்கள் டிக்கெட்டில் ஒரு நாய் வீடு போய்ச் சேரட்டும்: தென்கொரியாவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நான் சுவோனில் ஏழு வருடமாக இருக்கிறேன். பொங்கல் விழாவிலோ மளிகைக் கடையிலோ உங்களில் பலரைப் பார்த்திருப்பேன். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், இட்லி அரிசி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும் நம் கூட்டத்தில். அந்த உரிமையில் இன்று வேறொன்று கேட்கிறேன். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ நீங்கள் போகும்போது, உங்கள் டிக்கெட்டில் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

2024 ஜனவரி 9 அன்று இந்த நாட்டின் நாடாளுமன்றம் நாய் இறைச்சித் தொழிலுக்கு முடிவு கட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 208 வாக்கு, எதிராக ஒன்றுகூட இல்லை, இரண்டு பேர் மட்டும் வாக்களிக்காமல் இருந்தார்கள். உண்பதற்காக நாயைக் கொன்றால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வொன் வரை அபராதம். அதற்காக வளர்த்தாலோ விற்றாலோ இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி வொன் வரை. தொழிலை மாற்றிக்கொள்ள மூன்று வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தண்டனை 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருகிறது.

அன்று ராத்திரி நான் அழுதேன். சியோலில் பனியில் நின்று வருடக்கணக்காகக் கோஷம் போட்ட கொரியத் தோழிகள் எனக்கு உண்டு. அவர்களும் அழுதார்கள். ஆனால் அடுத்த வாரமே நான் போகிற நாய்க் காப்பகத்தில் ஒரு அக்கா கேட்டார், "சரி, இருக்கிற நாய்களை என்ன செய்வது?"

அரசு எடுத்த கணக்கில் அப்போது 1,537 பண்ணைகள், அவற்றில் 4,66,000 நாய்கள். பண்ணையை மூடுகிறவர்களுக்கு நாய் ஒன்றுக்கு 2,25,000 வொன்னிலிருந்து 6,00,000 வொன் வரை உதவித்தொகை என்று அறிவித்தார்கள். சீக்கிரம் மூடினால் அதிகம், தாமதித்தால் குறைவு. அது வேலை செய்தது. 2025 ஆகஸ்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் மூடப்பட்டன. ஆனால் பண்ணை மூடப்பட்டது என்றால் நாய் பிழைத்தது என்று பொருளில்லை. பல இடங்களில் இனி குட்டி வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, இருப்பதை விற்றுத் தீர்த்துத்தான் கதவைப் பூட்டினார்கள். மீட்கப்பட்டவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கே இங்கே இடமில்லை.

இதை நம்மில் பலர் நம்ப மாட்டார்கள். இந்த நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் வீட்டில் ஏதாவது ஒரு பிராணி வளர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனால் நாய்க்குக் குழந்தை வண்டி, நாய்க்கு மழைக்கோட்டு, நாய்க்குத் தனி ஐஸ்கிரீம். அப்புறம் ஏன் இடமில்லை? அவை எல்லாம் பொமரேனியன், மால்டீஸ், பூடில். கைப்பைக்குள் அடங்குகிறவை. பண்ணையிலிருந்து வருவதோ 25, 30 கிலோ. மஞ்சளும் செவலையுமாக, நுரங்கி என்று சொல்வார்கள். அல்லது டோசா என்ற பெரிய நாய் இனத்தின் கலப்பு. அடுக்குமாடி வீட்டில் இவ்வளவு பெரிய நாயை வைத்துக்கொள்ள அக்கம்பக்கம் விடாது. டோசாவும் அதன் கலப்பும் இங்கே ஆபத்தான இனப் பட்டியலில் இருப்பதால், 2024 ஏப்ரலிலிருந்து அவற்றை வளர்க்க அரசின் அனுமதி வேண்டும், காப்பீடு வேண்டும், கருத்தடை செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் டோசாவை வளர்க்க 1991-லிருந்தே தடை. ஆக மீட்கப்பட்ட பெரிய நாய்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும்தான்.

அங்கே தோட்டத்தோடு வீடு இருக்கிறது, ஆசையோடு குடும்பம் இருக்கிறது. நடுவில் பசிபிக் கடல் இருக்கிறது. அதைத் தாண்டத்தான் உங்களைக் கேட்கிறேன்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் கோவில்பட்டிக்காரி. சிப்பிப்பாறையும் கன்னியும் பார்த்து வளர்ந்தவள், நாய் என்றால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நவம்பர் மாதம், சனிக்கிழமைதோறும் நான் போகிற காப்பகத்திலிருந்து ஒரு பெட்டை நாயை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இங்கே இதை இம்போ என்கிறார்கள், வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்து வளர்ப்பது. மூன்று வயது இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தேன்.

பண்ணையில் நாய்களைத் தரையில் விடுவதில்லை. துன்ஜாங் என்று ஒரு கூண்டு, தரையிலிருந்து தூக்கி நிறுத்தியது. அடியிலும் கம்பிவலைதான். கழிவு கீழே விழுந்துவிடும், கழுவும் வேலை மிச்சம். நாய் பிறந்ததிலிருந்து அந்தக் கம்பி மேல்தான் நிற்கிறது, படுக்கிறது, குட்டி போடுகிறது. செவலையின் பாதங்கள் கோழிக்கால் மாதிரி விரிந்து போயிருந்தன. நகம் வளைந்து உள்ளங்காலைத் தொட்டது.

எங்கள் வீட்டுத் தரையில் அவளுக்கு நிற்கத் தெரியவில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி வைத்தாள். அப்புறம் அறையின் மூலையில் போய் நின்றாள். உட்காரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்தவள், ராத்திரி பன்னிரண்டுக்கும் நின்றாள், மூன்றுக்கும் நின்றாள். கண் சொருகும், தலை தொங்கும், திடுக்கிட்டு நிமிர்வாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணி வாக்கில் முன்னங்கால் இரண்டும் மெல்ல வழுக்கி, வயிறு தரையில் பட்டது. ஓண்டோல் என்கிற தரைச் சூட்டைப் போட்டிருந்தோம், தரை கதகதப்பாக இருந்தது. அவள் அப்படியே அசையாமல் இருந்தாள். பிறகு கன்னத்தை ஒருபக்கமாகச் சாய்த்துத் தரையில் வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தண்ணீர் வைத்தால் தொடவே இல்லை. அவளுக்குத் தண்ணீர் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது என்று காப்பகத்து அக்கா சொன்னார். உணவகங்களில் மிஞ்சும் எச்சிலைக் கலக்கிக் கூழாக ஊற்றுவார்கள், பசிக்கும் தாகத்துக்கும் அதுதான். சரி என்று சோறு வடித்த கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தேன். குடித்தாள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, ஒரு வாரத்தில் வெறும் தண்ணீருக்கு வந்தோம்.

லிஃப்ட்டுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மணிச்சத்தம் கேட்டாலே நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடுவாள். ஆறு மாடியும் நானும் என் கணவரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ரத்தப் பரிசோதனையில் இதயப்புழு இருந்தது. பண்ணை நாய்களுக்கு அது சாதாரணம், கொசு கடித்து வருவது. மூன்று ஊசி, மாதக்கணக்கில் ஓடாமல் ஆடாமல் ஓய்வு. செலவைக் காப்பகம் பார்த்துக்கொண்டது.

ஐந்தாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். செவலையைப் பார்த்தாலே பாட்டி ஒதுங்கிப் போவார், நாய் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். வெயில் உச்சத்தில் வரும் மூன்று போங்னல் நாட்களிலும் நாய்க் குழம்பு குடித்தால் உடம்புக்குத் தெம்பு என்று அவர் கணவர் சொல்வாராம், இவர்தான் சமைத்துக் கொடுப்பாராம். "இதே நிறம்" என்று செவலையைக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு வாரம் இரண்டு முறை கிழங்கு வந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் கூட்டங்களில் கொரியர்களைப் பற்றி நாய் தின்பவர்கள் என்று சிரித்துப் பேசுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2022-இல் கொரிய காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், முந்தைய ஒரு வருடத்தில் நாய்க்கறி சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 8 சதவீதம்தான். 2015-இல் அது 27 சதவீதம். சியோங்னாமின் மொரான் சந்தை, பூசானின் குபோ சந்தை, இந்த இரண்டிலும் நாயை உயிரோடு கூண்டில் வைத்து விற்றுவந்தார்கள். அதை நிறுத்தப் போராடியவர்கள் கொரியர்கள்தான். குபோவில் நாய் விற்பனை 2019-இல் நின்றது. போரும் பஞ்சமும் பார்த்த ஒரு தலைமுறை என்ன சாப்பிட்டது என்பதை வைத்து அவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேலி செய்ய நமக்கு எந்த உரிமையும் இல்லை. நாம் கேலி செய்துகொண்டிருந்த நேரத்தில் அந்தப் பேரப்பிள்ளைகள்தான் காப்பகத்தில் மலம் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

செவலைக்கு வருகிறேன். ஐந்து மாதத்தில் இந்த நாட்டுக்குள்ளிருந்து அவளைக் கேட்டு இரண்டே பேர் அழைத்தார்கள். ஒருவர் எடையைக் கேட்டதும் நன்றி சொல்லி வைத்துவிட்டார். இன்னொருவர் காய்கறிப் பண்ணைக்காரர், பிளாஸ்டிக் கூடாரத்துக்குக் காவலாகக் கட்டிப்போட வேண்டும் என்றார். ஒரு மீட்டர் சங்கிலியில் அவள் ஆயுள் முழுக்க நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறகு சியாட்டில் பக்கத்தில் ஒரு குடும்பம் அவளுடைய காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்டது. அந்த மே மாதம் என் கணவருக்கு அங்கே ஒரு கருத்தரங்கு இருந்தது. அப்படித்தான் எங்களுக்கு இந்தப் பயணத் துணை வேலை தெரியவந்தது.

அது எப்படி நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயமே தெரியாததால்தான் வருகிறது.

நாயைத் தனியாகச் சரக்கில் அனுப்பினால் கட்டணம் பல மடங்கு. ஒரு பயணியோடு போனால் அது அவருடைய செல்லப்பிராணி என்ற கணக்கில், மிகக் குறைந்த செலவில் போய்விடும். அந்தப் பயணிதான் கிடைப்பதில்லை. உங்களிடம் இஞ்சியோனிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் டிக்கெட் இருந்தால் போதும். பயணத் தேதி தெரிந்தவுடன் மீட்பு அமைப்புக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை நாய்கள்தான் என்று கணக்கு உண்டு, அவர்கள் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். கட்டணம், கூண்டுப்பெட்டி, தடுப்பூசி, மைக்ரோசிப், சான்றிதழ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் ஒரு வொன் கொடுக்க வேண்டியதில்லை.

புறப்படும் நாளில் கொஞ்சம் சீக்கிரமாக விமான நிலையம் போக வேண்டும். அமைப்பிலிருந்து ஆட்கள் நாயோடு வந்து நிற்பார்கள். விமான நிலையத்திலேயே இருக்கும் விலங்குத் தொற்றுத்தடை அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குவார்கள். உங்கள் பெட்டிகளைப் போடும்போது நாயின் பெட்டியையும் ஒப்படைக்க வேண்டும். அது விமானத்தின் அடியில், காற்றும் சூடும் உள்ள பகுதியில் வரும். அங்கே இறங்கியதும் பெரிய சாமான்கள் வருமிடத்தில் நாய் வரும். காகிதக் கட்டைச் சுங்கத்தில் காட்டிவிட்டு வெளியே வந்தால், அந்தக் குடும்பமோ அங்குள்ள அமைப்பின் ஆட்களோ காத்திருப்பார்கள். கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் சாமானை விமானத்தில் வாங்காதே என்று நம் வீட்டில் சொல்லித்தானே அனுப்புகிறார்கள்? அந்தப் பயம் நியாயமானது. என் மாமியார் இதே காரணத்துக்காக இரண்டு நாள் போனில் சண்டை போட்டார். அதனால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அமைப்பு பதிவு பெற்றதா என்று பாருங்கள். நாயைப் பெட்டியில் ஏற்றுமுன் மைக்ரோசிப் எண்ணை உங்கள் கண்ணெதிரே படித்துக் காகிதத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் விரிப்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் தவிர வேறெதுவும் இல்லையா என்று நீங்களே பாருங்கள். நல்ல அமைப்பு எதுவும் இதற்கு முகம் சுளிக்காது. சுளித்தால் வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் விதி இறுகியிருக்கிறது. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் கட்டாயம், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் படிவத்தை நிரப்பி ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். வெறிநாய்க்கடி ஆபத்து அதிகம் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் நம் இந்தியா இருக்கிறது, தென்கொரியா இல்லை. அதனால் இங்கிருந்து போகும் நாய்க்குக் கெடுபிடி குறைவுதான்.

சியாட்டிலில் செவலை பெட்டியை விட்டு வெளியே வரவில்லையாம். அந்தக் குடும்பத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தரையில் மண்டிபோட்டு ஆங்கிலத்தில் எவ்வளவோ கூப்பிட்டிருக்கிறாள். செவலை பின்னால் பின்னால் போய் ஒடுங்கியிருக்கிறாள். என் கணவர் குனிந்து "வா செவலை" என்றிருக்கிறார். வந்துவிட்டாள். அந்தப் பெண் உடனே போனை எடுத்து, செவலைக்குத் தெரிந்த சொல்லெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டாளாம். வா, உட்காரு, போதும், சாப்பிடலாமா. இப்போது வரும் காணொளிகளில் அந்த வீட்டில் எல்லோரும் நாயைத் தமிழில்தான் கூப்பிடுகிறார்கள். "சாப்பிடலாமா" மட்டும் இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் செவலைக்குப் புரிகிறது.

பறக்கும் வேலை இல்லாதவர்கள் இம்போவை யோசியுங்கள். எல்லோராலும் முடியாது, தெரியும். ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிற மாணவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்காமல் நாயைக் கொண்டுவந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நடுத்தெருதான். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். நாங்களே முதலில் இருந்த வீட்டில் மறுத்துவிட்டார்கள், வேறு வீடு பார்த்துப் போன பிறகுதான் செவலை வந்தாள். சைவக் குடும்பமாக இருந்தால் கறி சமைக்க வேண்டுமோ என்று தயங்க வேண்டாம், காப்பகமே உலர் தீவனம் கொடுக்கும். இம்போவும் முடியாவிட்டால் ஒரு சனிக்கிழமை வந்து நாய்களை நடக்கக் கூட்டிப்போங்கள். கொரிய மொழி தெரியவேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சங்கடமாக இருந்தாலும். நம்மில் சிலர் வந்த புதிதில் கடையில் அழகான குட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆய்வு முடிந்து ஊர் திரும்பும்போது யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கடைசி வாரத்தில் செய்தி போடுகிறார்கள். இங்கே வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கைவிடப்பட்ட பிராணிகள் அரசுக் காப்பகங்களுக்கு வருகின்றன. பலவற்றை ஊசி போட்டுக் கொல்கிறார்கள். உங்கள் நாய் அந்த வரிசையில் போய் நின்றால், பண்ணையிலிருந்து வந்த ஒன்றின் இடத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. வெளிநாட்டில் இரண்டு வருடம் தொடர்ந்து இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள் இரண்டு செல்லப்பிராணிகள் வரை கூடவே கொண்டுவர இந்திய விதியே இடம் தருகிறது. சென்னையிலேயே விலங்குத் தொற்றுத்தடை நிலையம் இருக்கிறது, அவர்களிடம் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் நடக்காது. இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள், எனக்கு எழுதினால் என்னென்ன காகிதம் என்று சொல்கிறேன்.

இப்போது காப்பகத்தில் மூன்றாவது கூடத்தில் ஒருவன் இருக்கிறான். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைக் கோடு, 28 கிலோ. இடது காது பாதிதான் இருக்கிறது. வான்கூவரில் ஓய்வுபெற்ற தம்பதி அவனைக் கேட்டு ஏழு வாரம் ஆகிறது. தடுப்பூசி முடிந்துவிட்டது, பெட்டி வாங்கி மூலையில் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பழகட்டும் என்று அதற்குள்தான் சாப்பாடு வைக்கிறோம். தூங்கவும் அதற்குள்ளேயே போய்விடுகிறான். இஞ்சியோனிலிருந்து வான்கூவருக்கு நேரடி விமானத்தில் யாராவது போகிறீர்களா? உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது போகிறாரா? தேதியை மட்டும் சொல்லுங்கள், நான் அவனோடு விமான நிலையத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
சுவோனிலிருந்து உங்களில் ஒருத்தி